கட்டத்துக்குள் குமுளி லாரி

வேல்விழிக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள். பென்சில் சீவுவாள்.

சின்னக் கோபம் என்றால் நுனி கூர்மையாகும். பெரிய கோபம் என்றால் பென்சிலே காணாமல் போகும். அந்த வாரம் அவள் பெட்டியில் இருந்த பென்சில்கள் எல்லாம் சுண்டுவிரல் அளவுக்கு வந்துவிட்டன. ஏழாம் வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் சுருளியாண்டி, தன் பென்சிலை டவுசர் பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டான்.

அவ்வளவு கோபத்துக்கும் காரணம் ஒரு கணினியும் ஒரு பூசணிக்காயும்தான்.

சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில், திராட்சைப் பந்தல்களை ஒட்டி இருந்தது அவர்களுடைய பள்ளிக்கூடம். 2007ஆம் வருஷம், ஆயுத பூஜைக்கு முன்னால், அங்கே புதுக் கணினிகள் வந்து இறங்கின. பழைய கணினியின் திரை, முதுகில் தொப்பை வைத்த டிவி மாதிரி இருக்கும். புதியவற்றின் திரையோ காலண்டர் அட்டை போலத் தட்டையாக இருந்தது.

பள்ளியின் தாளாளர் ஞானதுரை உடனே ரோட்டோரம் ஒரு பேனர் வைத்தார். அதில் கணினி சின்னதாகவும் ஞானதுரை பெரியதாகவும் இருந்தார்கள். கீழே 'கணினிச் செம்மல்' என்று போட்டிருந்தது. அந்தப் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பேனர் அச்சடித்த கடைக்காரர் கொடுத்திருக்கலாம்.

ஆயுத பூஜை அன்று எல்லாத் திரைகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மறுநாளே துணி உறை போட்டு மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு கணினி வகுப்பு என்றால், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கையைக் கட்டிக்கொண்டு உறைகளைப் பார்க்க வேண்டும். ஹேமாவதி டீச்சர் கரும்பலகையில் கணினியை வரைந்து காட்டுவார்.

"ஒரே ஒரு தடவை தொட்டுப் பாக்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள் வேல்விழி.

"தாளாளர் வைவாக. கையக் கட்டு."

அன்றைக்கு ஒரு பென்சில் போனது.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், ஞானதுரை தன் நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கணினி அறைக்கு வந்தார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"ஏதாவது ஓட விட்டுக் காட்டுங்க டீச்சர். சும்மா மூடி வெச்சிருக்கீங்க" என்றார், மூடி வைக்கச் சொன்ன அதே வாயால்.

ஹேமாவதி டீச்சர் பதறிப்போய் முதல் கணினியின் உறையை உருவினார். எதை ஓட விடுவது? பழைய கணினியில் இருந்த ஒரு விளையாட்டு மட்டும்தான் அவரிடம் சி.டி.யில் இருந்தது. மலைப்பாதையில் ஒரு லாரி இறங்கும். கொண்டை ஊசி வளைவுகளில் கவிழாமல் ஓட்ட வேண்டும். அதற்கு ஏதோ ஒரு ஆங்கிலப் பெயர். பக்கத்தில் இருக்கும் குமுளி மலைப்பாதையை நினைத்து, பிள்ளைகள் அதைக் குமுளி லாரி என்றுதான் சொல்வார்கள்.

"வேல்விழி, இங்கன வா. அந்த லாரியைப் போடு."

வேல்விழி ஓடி வந்து லாரிப் படத்தின் மேல் இரண்டு முறை தட்டினாள்.

திரை கறுப்பாகிவிட்டது. நடுவில் ஒரு குட்டிப் பெட்டி மட்டும் மிதந்தது. அதில் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

ஞானதுரை பாய்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

"உடைச்சுப்புட்டா" என்றார்.

"நான் ஒண்ணும் செய்யல சார். அதுல ஏதோ எழுதியிருந்துச்சு..."

"எதுத்துப் பேசாத. திங்கட்கிழமை உங்கப்பாவைக் கூட்டிட்டு வா. பிரேயர்ல எல்லார் முன்னாடியும் அவர் மன்னிப்புக் கேக்கணும். இல்லைன்னா நீ இந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள வரக் கூடாது." பிறகு நண்பர்கள் பக்கம் திரும்பி, "நம்ம ஸ்கூல்ல ரூல்னா ரூல். யார் உடைச்சாலும் அவங்கப்பா வந்தாகணும்" என்றார் பெருமையாக.

வேல்விழி ஹேமாவதி டீச்சரைப் பார்த்தாள். ஹேமாவதி டீச்சர் தரையைப் பார்த்தார்.

வேல்விழியின் அப்பா பிச்சைமணி ஜீப் ஓட்டுகிறவர். தினமும் விடியும் முன்பே, ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு வழியாக மலை ஏறுவார்.

"நீ உடைச்சியாத்தா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

"அப்ப சரி."

"என்ன சரி? உடைக்கலைன்னா நீ எதுக்குப்பா மன்னிப்புக் கேக்கணும்?"

"நான் கேட்டாத்தான உன்னைய உள்ள விடுவாக" என்றார் அப்பா.

திங்கட்கிழமை வேறு ஒருவர் ஜீப்பை எடுத்துப் போனார். அப்பா தேய்த்த காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பிரேயருக்கு வந்தார். அங்கே இருந்த மைக் ஞானதுரையின் உயரத்துக்கு வைத்தது. அப்பா நல்ல உயரம். அதனால் குனிந்துதான் பேச வேண்டியிருந்தது.

"பிள்ளை தெரியாமப் பண்ணிருச்சு. மன்னிச்சுக்கங்க."

பள்ளிக்கூடம் முழுவதும் கேட்டது. முதல் வகுப்புப் பிள்ளை ஒன்று, இது ஏதோ நிகழ்ச்சி என்று நினைத்துக் கை தட்டியது.

வேல்விழி வகுப்புக்குப் போய்ச் சீவத் தொடங்கினாள்.

அன்று சாயங்காலம் ஞானதுரை கணினி அறை வாசலில் ஒரு பெரிய பூசணிக்காயைச் சுற்றிப் போட்டு உடைத்தார். திருஷ்டி கழிந்ததாம். முதல் கணினியை மூலையில் தள்ளி, 'பழுது' என்று காகிதம் ஒட்டி வைத்தார்கள்.

மறுநாள் வேல்விழி பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டாள். "சுருளி, உங்க வீட்டு டிவி கெட்டுப்போனா என்ன செய்யும்?"

"எங்கப்பா மண்டையில ஒரு தட்டுத் தட்டுவாக. டிவி மண்டையில."

"நான் கெட்டுப்போயிட்டேன்னு டிவி எழுதிக் காட்டுமா?"

"எங்க டிவிக்கு அவ்வளவு படிப்பு கிடையாது."

"அந்தக் கணினி எழுதிக் காட்டுச்சுல்ல. கெட்டுப்போனது எப்படி எழுதும்? அது என்னமோ சொல்ல வந்துச்சு. அதுக்குள்ள பிளக்கைப் பிடுங்கிட்டாக."

சீவுவதை நிறுத்திவிட்டு எழுந்தாள். சாப்பாட்டு மணி அடித்ததும் நேராகக் கணினி அறைக்குப் போனாள்.

"டீச்சர், அதை யாராவது மறுபடி போட்டுப் பாத்தீங்களா?"

ஹேமாவதி டீச்சர் கையில் தயிர்சோறு. வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "யாரும் போடல. பயம்."

இரண்டு பேரும் போட்டுப் பார்த்தார்கள். 'பழுது' என்ற காகிதம் ஒட்டிய கணினி, இனிமையாக ஒரு ராகம் பாடிக்கொண்டு விழித்தது. எல்லாம் இருந்தது. எதுவும் உடையவில்லை.

டீச்சர் கையைக் கழுவக்கூட இல்லை. தாளாளர் அறைக்கு ஓடினார். திரும்பி வரும்போது நடந்து வந்தார்.

"என்ன சொன்னாக டீச்சர்?"

"பூசணிக்காய் உடைச்சதுல சரியாயிருச்சாம்."

வேல்விழிக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது கையில் சீவப் பென்சில் இல்லை.

"அப்ப எங்கப்பா கேட்ட மன்னிப்பு?"

"அது கேட்டது கேட்டதுதானாம்."

"எங்கப்பா குனிஞ்சு நின்னாருல்ல டீச்சர். அன்னைக்கு நீங்களும்தான் அங்கன நின்னீங்க."

ஹேமாவதி டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஆமா. லாரியைப் போடச் சொன்னதே நான்தான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரல" என்றார்.

வேல்விழி கணினியையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், மறுபடியும் கறுப்பாக்கிப் பாப்போம். பூசணிக்காய் இல்லாம அதைச் சரி பண்ணிக் காட்டுவோம். அப்பத்தான் அவுக ஒத்துக்குவாக."

டீச்சர் எழுந்து போனார். கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

மறுநாள் டீச்சர் ஒரு கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யைக் கொண்டுவந்தார். பழைய விளையாட்டுகளைப் புதுக் கணினியில் ஓட்டுவதற்கான புரோகிராம் ஒன்று அதில் இருந்தது.

"அவுட் ஆஃப் ரேஞ்ச்னா எனக்கு எட்டலன்னு அர்த்தம். அந்த லாரி ரொம்பப் பழசு. தொப்பைத் திரைக்குச் செஞ்சது. இந்தத் தட்டைத் திரை முழுசையும் அது பிடிக்கப் பாக்குது. இதுக்கு அந்தப் பழைய அளவு ஒத்து வரல. இந்தப் புரோகிராம்ல போட்டா ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள ஓடுமாம்."

ஓடியது. திரையின் நடுவில், அஞ்சலட்டை அளவுக் கட்டத்துக்குள், பச்சை மலையும் சாம்பல் நிறச் சாலையும் சிவப்பு லாரியும் வந்தன. வேல்விழி அம்புக்குறியை அமுக்கினாள்.

லாரி கிளம்பியது தெரிந்தது. பள்ளத்தில் கிடந்தது தெரிந்தது. நடுவில் எதுவும் தெரியவில்லை.

"என்ன டீச்சர், இவ்வளவு வேகம்?"

"புதுக் கணினி எல்லாத்தையும் வேகமாச் செய்யுது. லாரியையும் அப்படியே ஓட்டுது."

வேகத்தைக் குறைக்கவும் வழி இருந்தது. கன்ட்ரோலையும் எஃப் பதினொன்றையும் சேர்த்து அமுக்க அமுக்க, லாரி மெல்ல மெல்ல ஒரு சரக்கு லாரி போல முனகிக்கொண்டு இறங்க ஆரம்பித்தது. சாப்பாட்டு வேளைகள் முழுவதும் அதற்கே போயின.

ஒருநாள் வேல்விழியின் விரல் ஆல்ட்டின் மேலும் எண்டரின் மேலும் ஒன்றாகப் பட்டுவிட்டது. கட்டம் பெரிதாகித் திரை முழுவதும் பரவியது. உடனே கறுப்பு. அவுட் ஆஃப் ரேஞ்ச்.

டீச்சரின் கை பிளக்கை நோக்கிப் போனது.

"பிடுங்காதீங்க டீச்சர்."

வேல்விழி அதே இரண்டு விசைகளை மறுபடி அமுக்கினாள். கறுப்பு போனது. சின்னக் கட்டம் வந்தது. லாரி ஒன்றுமே நடக்காத மாதிரி உறுமிக்கொண்டு நின்றது.

அவள் மறுபடி அமுக்கினாள். கறுப்பு. மறுபடி அமுக்கினாள். லாரி.

"பூசணிக்காய் வேணாம் டீச்சர்" என்றாள். "ரெண்டு விரல் போதும்."

"இப்பவே போய்ச் சொல்லட்டுமா?"

"சொன்னா எலுமிச்சம்பழம் வெச்சதுலதான் சரியாச்சும்பாக. அவுக கண்ணால பாக்கணும்."

பிப்ரவரி மாதக் கடைசியில் ஆண்டு விழா. புதுக் கணினியை மேடையில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ஞானதுரை உத்தரவு போட்டார். "திரையில ஏதாவது அசையணும் டீச்சர். அசைஞ்சாத்தான் ஜனங்களுக்குக் கம்ப்யூட்டர்."

"அசையுறதுன்னா நம்மகிட்ட லாரிதான் சார் இருக்கு. அதை ஓட்டத் தெரிஞ்சது வேல்விழி ஒருத்திதான்" என்றார் ஹேமாவதி டீச்சர். இந்தத் தடவை அவர் தரையைப் பார்க்கவில்லை.

விழா அன்று மைதானம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஞானதுரையின் அப்பா அழகுமலை உட்கார்ந்திருந்தார். வெற்றிலை வியாபாரம் செய்து இந்தப் பள்ளியைக் கட்டியவர். வயதானவர், குள்ளமானவர். பிச்சைமணி கடைசியில் தன் ஜீப்பில் சாய்ந்துகொண்டு நின்றார்.

மேடையில் பட்டுத்துணி விரித்த மேஜை. அதன் மேல் கணினி. பக்கத்தில் மைக். ஞானதுரை கணினி யுகத்தைப் பற்றிப் பேசினார். தான் இல்லாவிட்டால் அந்த யுகம் தேனியோடு நின்றுபோயிருக்கும், சின்னமனூர்ப் பக்கம் வந்தே இருக்காது என்பது போலப் பேசினார். பிறகு வேல்விழிக்குச் சைகை காட்டினார்.

கட்டம் திறந்தது. லாரி இறங்கியது. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஞானதுரையின் முகம் சுருங்கியது. "இது என்ன, தபால்தலை மாதிரி? பெருசாக்கு."

"பெருசாக்குனா கறுப்பாயிரும் சார்."

"கணினியைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா? எந்தப் பொத்தான்?"

"ஆல்ட்டும் எண்டரும் சார். ஆனா வேணாம் சார்."

சொல்லிவிட்டு வேல்விழி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கணினி வகுப்பில் அவள் நன்றாகப் படித்த ஒரே பாடம் அதுதான்.

ஞானதுரை சட்டைக் கையை மடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கும்படி கையை உயர்த்தி, அமுக்கினார்.

கறுப்பு. அவுட் ஆஃப் ரேஞ்ச்.

"பாத்தீங்களா, மறுபடியும் உடைச்சுப்புட்டா" என்றார் ஞானதுரை.

எல்லோரும் வேல்விழியின் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளைப் பார்த்தார்கள்.

"அமுக்கினது நீங்க சார்" என்றாள் வேல்விழி. மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பக்கத்தில் மைக் இருந்தது. "திங்கட்கிழமை உங்கப்பாவைக் கூட்டிட்டு வாங்க சார். யார் உடைச்சாலும் அவுக அப்பா வரணும்ல. ரூல்னா ரூல்தான?"

ஒலிபெருக்கி அதை ரோடு வரைக்கும் கொண்டுபோனது. பேனரில் இருந்த ஞானதுரை மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கு?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அழகுமலை எழுந்துவிட்டார். "அப்பன் இங்கனதான இருக்கேன்."

அவர் மெல்ல மேடை ஏறி வந்தார்.

"நீங்க உக்காருங்கப்பா" என்றார் ஞானதுரை. "ஒரு பூசணிக்காய் உடைச்சாச் சரியாயிரும்."

"ஏற்கனவே ஒண்ணு உடைச்சியே. இது கம்ப்யூட்டரா, சாம்பார்ச் சட்டியா?" அவர் வேல்விழி பக்கம் திரும்பினார். "உன்னால முடியுமாத்தா?"

வேல்விழி முதுகிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு விசை. கறுப்பு போனது. லாரி வந்தது.

"இது கெட்டுப்போகல தாத்தா. அன்னைக்கும் கெட்டுப்போகல. பழைய லாரிக்குப் பெரிய திரை ஒத்து வராது. சின்னக் கட்டத்துல நல்லா ஓடும். அவ்வளவுதான்."

"அப்ப பிச்சைமணி எதுக்கு மன்னிப்புக் கேட்டாப்ல?"

ஞானதுரை கைக்குட்டையைத் தேடினார். ஹேமாவதி டீச்சர் மேடைக்கு வந்தார். "லாரியைப் போடச் சொன்னது நான்தாங்கய்யா. அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லாதது தப்பு."

அழகுமலை மைக்கின் முன்னால் போய் நின்றார். அது அவர் தலைக்கு மேல் இருந்தது. சுருளியாண்டி மேடைக்கு ஓடி வந்து, திருகைத் தளர்த்தி, மைக்கை நன்றாகக் கீழே இறக்கினான்.

"எம் மகன் தெரியாமப் பண்ணிட்டான். மன்னிச்சுக்கங்க" என்றார் அழகுமலை. நகர்ந்து நின்றார். "இப்ப நீ சொல்லு."

ஞானதுரை தொண்டையைச் செருமினார். மைக்கை மேலே ஏற்றப் பார்த்தார். சுருளியாண்டி திருகை இறுக்கியிருந்தான். குனிந்தார்.

"அன்பார்ந்த பெற்றோர்களே, தவிர்க்க முடியாத சில தொழில்நுட்பக் காரணங்களால், எதிர்பாராத விதமாக..."

"பெருசாப் பேசாத" என்றார் அழகுமலை. "சின்னதாச் சொல்லு."

ஞானதுரை இன்னும் கொஞ்சம் குனிந்தார். "பிச்சைமணி, உங்க மக உடைக்கல. தெரியாமப் பண்ணிட்டேன். மன்னிச்சுக்கங்க."

கடைசியில், ஜீப் பக்கத்தில், அப்பா நிமிர்ந்து நின்றார். "இருக்கட்டும் சார்" என்றார். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

"வேற என்னத்தா?" என்று கேட்டார் அழகுமலை.

"அந்தத் துணி உறையை எல்லாம் எடுக்கச் சொல்லுங்க தாத்தா. எல்லாரும் தொட்டுப் பாக்கணும்." அவள் மைதானத்தைப் பார்த்துக் கையசைத்தாள். "அப்பா, இங்கன வாப்பா. லாரி ஓட்டு."

அப்பா கூச்சப்பட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தார். முதல் வளைவிலேயே அவர் வலது கால் மேடைப் பலகையை ஓங்கி மிதித்தது.

"பிரேக்கு எங்கனத்தா?"

"கீழ் அம்புக்குறிப்பா. கையில."

"கையில பிரேக்கை வெச்சா காலுக்கு என்ன வேலை?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் லாரி பள்ளத்தில் கிடந்தது. முதலில் சிரித்தவர் அப்பாதான்.

மறுநாள் காலையில் சுருளியாண்டி தன் பென்சிலை டவுசர் பையிலிருந்து எடுத்து, தைரியமாக டெஸ்க்கின் மேல் வைத்தான்.